பாக்கியத்தின் கோழியும் சாயங்கால எடையும்

யார் எந்தக் கால்நடையின் எடையைச் சொன்னாலும் "எத்தனை மணிக்கு நிறுத்தீங்க?" என்று கேட்பது என் வழக்கம். ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியும் அது விடவில்லை. சென்ற மாதம் புதிதாகக் கால்நடை ஆய்வாளர் பணியில் சேர்ந்தவர்களுக்கு ஊட்டியில் நடந்த பயிற்சிக்கு என்னையும் பேச அழைத்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெண், கன்றுக்குட்டி ஒன்றின் எடையை மொபைலைப் பார்த்து வாசித்தார். நான் கேட்டேன்.

"இப்ப மெஷின்ல நிக்க வச்சா எடை தானா ஏறிடுங்க சார். நேரமும் அதுலயே இருக்கும்."

"இருக்கும். பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. சிரித்துவிட்டார். டீ இடைவேளையில் இன்னும் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, இத்தனை வருடத்தில் எனக்குக் கஷ்டமாக அமைந்த கேஸ் எது என்று கேட்டார். சிறுத்தை அடித்த மாடு, சேற்றில் சிக்கிய காட்டெருமைக் கன்று என்று எதையோ எதிர்பார்த்தார்கள் என்று முகத்தில் தெரிந்தது. மெலிந்துபோன ஒரு கோழி என்றேன். மணி அடித்துவிட்டது. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு நேராக வந்தவன் அல்ல. அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் ஒரு நாளிதழுக்குக் குன்னூர்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மண் சரிந்தது என்று போனில் சொன்னால் கோயம்புத்தூர் அலுவலகத்தில் எடுப்பவர் "எத்தனை அடி? எத்தனை மரம்?" என்பார். எண் இல்லாவிட்டால் செய்தி இல்லை. அந்தப் பழக்கத்தோடு கால்நடை ஆய்வாளர் பயிற்சிக்குத் தேர்வானேன். ஊசி போடுவது, காயம் கட்டுவது, பதிவேடு எழுதுவது என்று ஓர் ஆண்டு ஓடியது. மூன்றிலும் பதிவேடு எழுதுவதுதான் எனக்கு நன்றாக வந்தது. சில ஊர்கள் மாறி, தேயிலை விலை விழுந்துகிடந்த காலத்தில் பந்தலூர்ப் பக்கத்து மருந்தகம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன்.

அந்த விலை வீழ்ச்சியை அங்கே பூட்டுகளைக் கொண்டு அளக்கலாம். தொழிலாளர் குடியிருப்பு வரிசையை அங்கே லயம் என்பார்கள். பத்துக் கதவுள்ள லயத்தில் நான்கில் பூட்டுத் தொங்கியது. ஆட்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் போயிருந்தார்கள். தொழிற்சாலைப் புகைபோக்கி வாரத்தில் மூன்று நாள் புகைந்தால் அது நல்ல வாரம். தங்கிவிட்ட பெண்கள் முன்பைவிடக் கவனமாகக் கோழி வளர்த்தார்கள். அதுவரை கன்று, ஆடு என்று இருந்த எங்கள் பதிவேட்டில் கோழிகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்க வேண்டி வந்தது.

மருந்தகத்தின் மருத்துவர் கோமதி அம்மாள், கோபிசெட்டிபாளையத்துக்காரர். ஆறு ஆண்டுகள் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். ஒருமுறைகூடக் குரலை உயர்த்திக் கேட்டதில்லை. ஆளுக்கு மட்டுமல்ல, மாட்டுக்கும் மரியாதை கொடுத்துத்தான் பேசுவார். கன்று ஈன்று இரண்டு நாளாகப் படுத்தே கிடந்த ஒரு பசுவுக்கு மருந்து ஏற்றிவிட்டு, அதன் முதுகில் தட்டி, "எந்திரிங்க. போதுமுங்க, எந்திரிங்க" என்றார். மூன்றாம் முறை சொன்னபோது அது எழுந்து நின்றது. மருந்து வேலை செய்திருந்தது. ஆனால் மாட்டுக்காரப் பெண் தன் கணவரைத் திரும்பிப் பார்த்து, "கேட்டீங்களா? இப்படிக் கூப்பிட்டா நீங்களுந்தான் காலையில எந்திரிப்பீங்க" என்றாள்.

டாக்டரின் முறை ஒன்றுண்டு. எந்தப் பிராணியானாலும் முதலில் கை. உரிமையாளர் சொல்வதைக் கேட்பது, நான் நீட்டும் பதிவேட்டைப் பார்ப்பது எல்லாம் அப்புறம். கோழி என்றால் இடக்கையில் ஏந்தி, வலக்கைக் கட்டைவிரலை நெஞ்செலும்பின் மேல் ஓட்டுவார். நல்ல கோழிக்கு எலும்பின் இருபுறமும் சதை மேடாக இருக்கும். மெலிந்த கோழிக்கு அது கத்தி முதுகுபோலத் துருத்தி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு தொடுவார். பிறகு, "இப்பச் சொல்லுங்க" என்பார். எனக்கு இது கொஞ்சம் பழைய பாணியாகத் தெரிந்தது. என்னிடம் தராசு இருந்தது. இருபது கிராம் கோடு போட்ட, கொக்கி வைத்த சுருள்வில் தராசு. அதை நானே கேட்டு எழுதி வாங்கியிருந்தேன்.

மழை விட்டுக் குளிர் தொடங்கும் பருவத்தில் மருந்தகத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டரில் இருந்த ஒரு சிறிய எஸ்டேட்டில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. கோழிக்கு வரும் நோய்களில் அதைப்போல வாரிக்கொண்டு போவது வேறில்லை. தடுப்பூசியோடு நாங்கள் போய்ச் சேரும்போது லயத்துக்குப் பின்னால் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். இனி நோய் வராத கோழிக்குத்தான் ஊசி போட முடியும். அந்த லயத்தில் ஊசி போட ஒரு கோழியும் மிஞ்சவில்லை. நோய் வந்தும் சாகாத ஒன்று மட்டும் பாக்கியத்தின் மடியில் இருந்தது.

பாக்கியத்துக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். இலங்கை மாத்தளைப் பக்கத் தோட்டத்தில் பிறந்து, இளம் பெண்ணாக இருக்கும்போதே குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். கணவர் இல்லை. முப்பது ஆண்டுகளாகக் கொழுந்து பறிப்பவர். பதினொரு கோழிகள் போய் அந்தச் சாம்பல் நிறப் பெட்டை மட்டும் நின்றிருந்தது. கண்டிச் சீமாட்டிகளைப்போலத் தலையை உயர்த்தி, காலை எண்ணி வைத்து நடக்கும் என்பதால் அதற்குக் 'கண்டிக்காரி' என்று பெயர். அன்று அது நடக்கவில்லை. டாக்டர் வாங்கி, கட்டைவிரலை ஓட்டி, "பொழச்சுக்கிட்டாங்க. ஆனா ஒண்ணுமே இல்லீங்களே உடம்புல" என்றார். என் தராசு 880 கிராம் காட்டியது.

"எவ்வளவு இருக்கணுங்க டாக்டரம்மா?" என்று கேட்டார் பாக்கியம்.

"இந்த உடம்புவாகுக்கு ஆயிரத்து எரநூறு வந்தாத் தேறினாங்கன்னு சொல்லலாமுங்க."

அந்த எண்ணை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அது அந்த லயத்தில் என்னவாக மாறும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

அடுத்த வாரம் தெரிந்தது. பாக்கியத்தின் மகன் ராசு திருப்பூரில் பனியன் கம்பெனியில் வெட்டுமேசையில் இருந்தான். மனைவி, ஒரு குழந்தை. இரண்டு ஆண்டுகளாக அம்மாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தான். பாக்கியம் ஒவ்வொரு முறையும் கோழிகளைக் காரணம் காட்டியே தப்பித்திருக்கிறார். கோழிகள் செத்த செய்தி கேட்டு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டான். "இனி என்னம்மா இருக்கு இங்க?" என்று கேட்டிருக்கிறான். "ஒண்ணு இருக்குடா. நோயாளிய விட்டுட்டு எப்படி வர்றது? கோழி தேறட்டும், வர்றேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். அவன் விடவில்லை. எப்போது தேறும், எதை வைத்துத் தேறியது என்று சொல்வது என்று கேட்டிருக்கிறான். லயத்துப் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றபோது பாக்கியத்தின் வாயிலிருந்து அந்த எண் வந்துவிட்டது. "ஆயிரத்து எரநூறு. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

ஆக, 1,200 கிராம் வந்தால் பாக்கியம் மலையை விட்டு இறங்க வேண்டும். கோழி பிழைக்க வேண்டும், ஆனால் தேறிவிடக் கூடாது. அவர் எந்தப் பக்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் அந்தப் பக்கம் நோய் மீண்டும் வருகிறதா என்று பார்க்கப் போவேன். கோழியை எங்கே நிறுப்பது என்ற கேள்வியே எழவில்லை. அந்த ஊரில் எடை என்றால் ஓர் இடம், ஒரு நேரம். பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை ஒன்று லயத்துக்கு மேலே சாலையோரம் இருந்தது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் அதை மடுவம் என்பார்கள். சாயங்காலம் நாலரைக்குப் பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்பார்கள், கணக்கப்பிள்ளை நிறுத்துச் சத்தமாகச் சொல்லி எழுதுவார். எல்லோர் காதிலும் விழுந்த எடைதான் எடை. வீட்டுக்குள் நிறுத்தால் அதற்கு மதிப்பில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. என் கடைசிப் பஸ் ஐந்தரைக்கு. மற்ற வேலைகளை முடித்துவிட்டு நாலரைக்கு மடுவத்துக்குப் போனால் கொழுந்தெல்லாம் நிறுத்த பிறகு, கூரைக் கொக்கியில் என் தராசை மாட்டி, கண்டிக்காரியைத் துணிப்பையில் வைத்துத் தொங்கவிடுவேன்.

"சொல்லுங்க ஐயா, சத்தமா!" என்பாள் பக்கத்து வீட்டு லெச்சுமி.

முதல் வாரம் 900. அடுத்தது 940. பிறகு 980.

"அக்கா, பெட்டியக் கட்டு. திருப்பூர் பஸ்சு வந்துருச்சு."

"நீ போய் ஏறிக்கடி. உன்னத்தான் நாலு நாளாக் கண்டக்டர் தேடுறான்," என்பார் பாக்கியம்.

கோழியைப் பார்த்துக்கொள்ளும் முறையை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். தனியாக அடைக்க வேண்டும். குளிர் படாமல் கீழே பழைய கொழுந்துச் சாக்கை விரிக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர். கிடைக்கும் தீனியை வயிறு நிறையக் கொடுக்க வேண்டும். கிடைத்தது ரேஷன் அரிசி, அவித்த மரவள்ளிக் கிழங்கு, புல். லயமே கொண்டுவந்து கொடுத்தது. சிலர் பாக்கியம் போக வேண்டும் என்றும் சிலர் போகக் கூடாது என்றும் நினைத்தார்கள். ஆனால் தீனி எல்லோரும் கொடுத்தார்கள். நான் எடையைத் தேதிவாரியாக எழுதி, கோடு இழுத்து, ஒரு சின்ன வரைபடமே போட்டிருந்தேன். கோடு மேலே ஏறியது. எனக்கு அதில் பெருமை இருந்தது.

மூன்றாவது வார வெள்ளிக்கிழமை தராசு 1,020 காட்டியது. ஆயிரத்தைத் தாண்டியதற்கு மடுவத்தில் கைதட்டினார்கள். பாக்கியம் தட்டவில்லை. கோழியைப் பையிலிருந்து எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு, "ஐயா, இந்த எடைய எழுதாதீங்க" என்றார்.

"ஏம்மா?"

"இது ஈரக் கொழுந்து எடைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மழை நாளில் பறிக்கும் கொழுந்தில் தண்ணீர் ஏறியிருக்கும், எடை கூடுதலாகக் காட்டும், அதனால் கணக்கப்பிள்ளை கூடைக்கு இரண்டு மூன்று கிலோ கழித்துவிட்டுத்தான் எழுதுவார். அதைத்தான் சொல்கிறார் என்பது எனக்கும் புரிந்தது. கோழி நனைந்திருக்கிறதா என்று பார்த்தேன். இறகு காய்ந்துதான் இருந்தது.

"நனையலையேம்மா."

"வெளிய நனையலைங்க. உள்ளுக்குள்ள ஏதோ இருக்கு. காலையில தூக்குனா இது வேற கோழியா இருக்கு. கையில லேசா இருக்கு. சாயங்காலந்தான் கனக்குது."

லெச்சுமி விடவில்லை. "ஆயிரத்த தாண்டுனதும் அக்காவுக்குக் கை நடுங்குது பாருங்க. ஆயிரத்து நூறுல தராசு பொய்ம்பாங்க. எரநூறு வந்தா இது எங்க கோழியே இல்லம்பாங்க."

நானும் அப்படித்தான் நினைத்தேன். போக மனமில்லாதவர் எண்ணைக் குறை சொல்கிறார் என்று. "நான் எழுதித்தாம்மா ஆகணும். உள்ளதைத்தானே எழுதறேன்," என்றேன். பாக்கியம் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. முப்பது ஆண்டுகள் தராசுக்கு எதிரே நின்றவரின் பொறுமை இருந்தது. "எழுதுங்க," என்று சொல்லிவிட்டுக் கோழியோடு இறங்கிப் போனார். நான் 1,020 என்று எழுதி, பஸ்ஸைப் பிடித்தேன்.

சனிக்கிழமை காலை பதிவேட்டை டாக்டரிடம் நீட்டினேன். வரைபடத்தைப் பார்த்தார். நல்லா இருக்குதுங்க என்று சொல்வார் என நின்றேன்.

"ஏனுங்க தண்டபாணி, இதெல்லாம் காலையில நிறுத்ததுங்களா, சாயங்காலமுங்களா?"

"சாயங்காலமுங்க."

"எல்லாமேயா?"

"எல்லாமே நாலரைக்குங்க."

"கை வச்சுப் பாத்தீங்களா?"

முதல் நாள் டாக்டர் வைத்த கைதான். அதன் பிறகு நான் கோழியைத் தராசில்தான் வைத்திருக்கிறேன், கையில் அல்ல. அதைச் சொன்னேன். பாக்கியம் சொன்ன ஈரக் கொழுந்துக் கதையையும் வேடிக்கைபோலச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. பாதி குடித்த டீயை வைத்துவிட்டு மருந்துப் பெட்டியை எடுத்தார். "வாங்க, போலாமுங்க," என்றார். அவ்வளவுதான். ஒன்பது கிலோமீட்டரும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பாக்கியம் வாசலில் கோழியோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் வருவோம் என்று தெரிந்தவர்போல எழுந்து, கோழியை டாக்டர் கையில் கொடுத்தார். டாக்டர் கண்ணை மூடினார். கட்டைவிரல் நெஞ்செலும்பில் ஓடியது. பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். மூன்று வாரத்துக்கு முன்பு இருந்ததைவிடக் கூர்மையாக இருக்கிறது என்றார். கழுத்துக்குக் கீழே, விழுங்கிய தீனி முதலில் தங்கும் தீனிப்பையைத் தொடச் சொன்னார். இரவெல்லாம் சும்மா இருந்த கோழிக்குக் காலையில் அது தட்டையாக இருக்க வேண்டும். இங்கே பிசைந்த மாவு கட்டிய துணிமூட்டைபோல உருண்டு நின்றது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே இருந்தது. கோழியின் வாயிலிருந்து புளித்த வாடை வந்தது.

தண்ணீர் மட்டும் இரவில் கொஞ்சம் கசிந்து இறங்கியிருக்கிறது; கோழி தின்றது எதுவும் கீழே இறங்கவில்லை. நோய் அதன் உள்ளுறுப்புகளைத் தளர்த்திவிட்டிருந்தது. தின்றதெல்லாம் அந்தப் பையில் சேர்ந்து ஊறி, நாளுக்கு நாள் கனத்திருக்கிறது. உடம்போ பட்டினியில் உருகியிருக்கிறது. நான் மேல்நோக்கிக் கோடு இழுத்தது அந்தப் பைக்கு.

"ரெண்டு வழி இருக்குதுங்க," என்றார் டாக்டர் பாக்கியத்திடம். "எண்ணெய் விட்டு நீவிப் பாக்கலாம். எறங்கலைன்னா அறுத்து எடுக்கோணும். இந்த உடம்புக்கு அறுக்கறது ஆபத்துதானுங்க. பொழைக்கலாம், போயிரலாம். என்னால உறுதி சொல்ல முடியாது."

"விட்டா?"

"விட்டா நாலஞ்சு நாளுங்க."

அரை மணிக்கு ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரும் சிறிது நல்லெண்ணெயும் சொட்டுச் சொட்டாக விட்டு, பையை அடியிலிருந்து விரல் நுனியால் நீவினோம். நண்பகல் வரை பார்த்தோம். உருண்டை அசையவில்லை. டாக்டர் பாக்கியத்தைப் பார்த்தார். பாக்கியம் கோழியைப் பார்த்தார்.

"அறுங்க," என்றார். "நான் புடிச்சுக்கறேன்."

லயத்து அறைகளில் வெளிச்சம் போதாது. மடுவத்தில்தான் மூன்று பக்கமும் திறந்து வெயில் விழும். கணக்கப்பிள்ளை தன் மேசையிலிருந்த, ஆட்களின் பெயரும் எடையும் எழுதும் செக்ரோல் புத்தகங்களை எடுத்துவிட்டு, துடைத்தும் கொடுத்தார். டாக்டர் தீனிப்பையின் மேலிருந்த இறகைப் பறித்து, மருந்து தடவி, மரத்துப்போக ஊசி போட்டார். தோலை ஓர் அங்குலம் கீறினார். அதன் அடியில் பையின் சுவரை அதைவிடச் சற்றுக் குறைவாக. ரத்தம் அதிகம் வரவில்லை. விரல்போன்ற இடுக்கியால் உள்ளே இருந்ததை வெளியே எடுத்து, நான் நீட்டிய தட்டில் வைத்தார். ஊதிய அரிசி. நாராகிப் போன புல். எல்லாவற்றையும் கட்டிப் போட்டதுபோல நீலநிற இழைகள்.

அது என்னவென்று எனக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. கொழுந்துச் சாக்கின் நைலான் நூல். குளிருக்கு விரிக்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த சாக்கு. நாள் முழுவதும் அதன் மேல் அடைந்துகிடந்த கோழி அதைக் கொத்தித் தின்றிருக்கிறது.

"சாக்கு நான் சொன்னதுங்க," என்றேன். யாரும் கேட்காதபோதே சொல்லிவிட்டேன்.

"தெரியுமுங்க. உப்புத் தண்ணி குடுங்க," என்றார் டாக்டர். பையைக் கழுவினார். உள்சுவரைத் தனியாக, தோலைத் தனியாகத் தைத்தார். இவ்வளவும் நடக்கும்போது பாக்கியத்தின் இரண்டு கைகளும் கோழியின் இறக்கைகளை அணைத்தபடி அசையாமல் இருந்தன. "ஆச்சு, ஆச்சு, கண்டி. ஆச்சு தாயி," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசித் தையல் விழுந்ததும் டாக்டர் கோழியின் தலையைத் தொட்டு, "முழிச்சுக்குங்க," என்றார். கோழி ஒரு கண்ணைத் திறந்தது.

தட்டில் இருந்ததை நிறுத்தேன். 200 கிராம். கோழியை நிறுத்தேன். 820. நோயிலிருந்து மீண்ட அன்று இருந்ததைவிட அறுபது குறைவு.

சாயங்காலம் கொழுந்து நிறுக்க வந்தவர்களிடம் அந்த எண்ணைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். லெச்சுமி பாக்கியத்தின் பக்கத்தில் போய்ச் சேலை முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணக்கப்பிள்ளைதான் பேச்சை எடுத்தார்.

"என்கிட்டக் கேட்டிருந்தா அன்னைக்கே ரெண்டு கிலோ கழிச்சிருப்பேனே."

"முப்பது வருசமா காஞ்ச கொழுந்துலயே கழிச்ச மனுசன்," என்றார் பாக்கியம். "கழிக்க வேண்டிய நாள்ல சும்மா உக்காந்திருந்துட்டு இப்பப் பேசுறாரு பாருங்க."

மருந்தகத்துக்குத் திரும்பியதும் பழைய எடைகளை அடிக்கப் பேனாவை எடுத்தேன். டாக்டர் தடுத்தார். "அடிக்காதீங்க. அதுக்குக் கீழ நடந்தத எழுதுங்க. அடுத்து வர்றவங்களுக்கு ரெண்டும் வேணுமுங்க." பாக்கியம் சொன்னதையும் சேர்த்து எழுதினேன். உரிமையாளர் ஐயம் தெரிவித்தார், ஆய்வாளர் ஏற்கவில்லை. அரசாங்கப் பதிவேட்டில் நான் எழுதிய வாக்கியங்களில் எனக்கு மனப்பாடமாக இருப்பது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு கோழியைத் தேற்றிய விதத்தை இளையவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் நாள் தண்ணீர் மட்டும். மறுநாளிலிருந்து தயிர் கரைத்த கஞ்சித் தெளிவு, ஒரு வேளைக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு ஐந்து வேளை. முன்பு கொடுத்தது காலி என்று பையைத் தொட்டு உறுதி செய்த பிறகே அடுத்தது. நான்காம் நாள் கேழ்வரகுக் கூழ். பத்தாம் நாள் உப்புப் போகக் கழுவி இடித்த கருவாட்டுத் தூள் ஒரு சிட்டிகை. புல்லும் முழு அரிசியும் தையல் ஆறிய பிறகுதான். கீழே சாக்கு இல்லை, மரத்தூள். நிறுப்பது காலை ஏழு மணிக்கு, கூட்டைத் திறந்ததும், வாயில் எதுவும் படுமுன். அதற்காக நான் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்தேன். எடையைத் தராசில் பார்க்கும் முன் கையில் பார்த்தேன்.

அந்த நேரத்துக்கு மடுவத்தில் ஆள் இருக்காது என்று நினைத்தால் தவறு. லெச்சுமி முதல் நாளே வந்துவிட்டாள். மூன்றாம் வாரத்தில் பாதி லயம் வந்தது. 840. 860. இரண்டு வாரம் அப்படியே நின்றது. பிறகு 900, 960. கொண்டை வெளுப்பு மாறிச் சிவந்தது. ஒரு நாள் பையில் போடும்போது என் கையைக் கொத்தியது. பாக்கியம் சந்தோஷப்பட்டுச் சிரித்தார்.

எண் ஏற ஏற ஒருவரும் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. 1,100 வந்த அன்று நான் பாக்கியத்திடம் தனியாக, "ஒரு மாசம் கழிச்சு நிறுத்துக்கலாமா?" என்று கேட்டேன். நான் கேட்டது என்ன என்பது இருவருக்கும் தெரியும்.

"வேணாங்க ஐயா. பொய் எடையால ஒருக்கா சாகப் பாத்துச்சு. போதும்."

ராசு வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். எனக்கு விடுமுறை நாள். யாரும் அழைக்கவில்லை. காலை ஏழு மணிக்கு மடுவத்தில் கோழியைத் தொங்கவிட்டேன். முள் 1,220-இல் நின்றது.

"எவ்வளவுங்க ஐயா?" என்றார் பாக்கியம். "எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க."

சொன்னேன். ராசு அம்மாவைப் பார்த்தான். அவர் கோழியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், பத்து நிமிடத்தில் ஒரு துணிப்பையும் கோழிக்கூடையுமாகத் திரும்பி வந்தார். அவன்தான் தடுமாறினான். "இன்னைக்கேவாம்மா? அடுத்த வாரங்கூட…" என்றான். "சொன்னது சொன்னதுதானடா," என்றார். லெச்சுமி பஸ் மறையும் வரை திட்டிக்கொண்டே நின்றாள். யாரைத் திட்டுகிறாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

நோய்ப் பதிவேட்டில் 'முடிவு' என்று ஒரு பத்தி உண்டு. குணமடைந்தது என்று எழுதினேன்.

மூன்று மாதம் கழித்து, கோடை மழை தொடங்கிய ஒரு காலையில், மருந்தக வாசலில் பஸ்ஸிலிருந்து ராசு கூடையோடு இறங்கினான். பின்னால் பாக்கியம். நான் கோழிக்கு என்னவோ என்று ஓடினேன். கூடையைத் திறந்து நெஞ்செலும்பில் கை வைத்தேன். இருபுறமும் சதை மேடு கட்டியிருந்தது. தராசில் 1,340.

"கோழிக்கு ஒண்ணும் இல்லையே, ராசு."

"கோழிக்கு இல்லைங்க சார்," என்றான். "அது அங்க மொட்டை மாடில நல்லாத்தான் திங்குது. இவங்கதான் திங்கறதில்ல. கேட்டா நல்லாருக்கேம்பாங்க. அழ மாட்டாங்க, சண்டை போட மாட்டாங்க. காலையில எந்திரிச்சு மலை எந்தப் பக்கம்னு மாடில நின்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க. நானே கூட்டியாந்துட்டேன்."

பாக்கியத்தின் ரவிக்கைக் கை தளர்ந்து தொங்கியது. அப்போதுதான் கவனித்தேன்.

"நான் ஒண்ணும் கேக்கலைங்க ஐயா," என்றார் அவர் அவசரமாக. "இவனாத்தான் சொன்னான்."

"ஆமா, நானாத்தான் சொன்னேன்," என்றான் ராசு. கூடையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டான். "எஸ்டேட் ரூமை வேற ஆளுக்குக் குடுத்திருப்பாங்க. ஆபீஸ்ல போய்க் கெஞ்சணும். இனி சாவி யாருகிட்ட வாங்கணுமோ."

பாக்கியம் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, கயிற்றைத் தளர்த்தி, உள்ளேயிருந்து ஒரு சாவியை எடுத்தார்.

"செக்ரோல்ல பேர வெட்டலடா," என்றார் மகனைப் பார்க்காமல். "லீவுதான் எழுதிக் குடுத்தேன்."